கல்லடிப் பாலத்தில் ஒரு சூப்பர் நாயகி: பேனையால் வரைந்து பழகுவோம்

பென்சில் கோடு பிடிக்காவிட்டால் றப்பர் இருக்கிறது. பேனைக் கோடு விழுந்தால் விழுந்ததுதான். தான் ஒரு படம் என்று தெரிந்த நாயகியை வரைய அதனால்தான் பேனையை எடுக்கச் சொல்கிறேன், விழுந்த பிழையை அவளே பார்த்துக்கொள்வாள். ஒரு ஏ4 தாள், 0.1, 0.5 மில்லிமீற்றர் முனைப் பேனைகள் இரண்டு போதும். கொப்பியும் குமிழ்முனைப் பேனையும்தான் இருக்கிறதா? அதிலேயே தொடங்குங்கள்.

முதலில் அளவு. காமிக்ஸ் வீரர்களை எட்டுத் தலை உயரத்தில் வரைவது வழக்கம். நமக்கு ஐந்து தலை போதும், தலை பெரிதானால் முகபாவம் நன்றாகத் தெரியும். மேலிருந்து கீழாக ஆறு புள்ளிகள் வையுங்கள். முதல் இடைவெளி தலை, அடுத்த இரண்டு உடம்பு, கடைசி இரண்டு கால்.

அடுத்தது நிற்கும் விதம். இதில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். பெண் வீரர்களை நெஞ்சும் பின்புறமும் ஒரே பக்கம் தெரிகிற மாதிரி முறுக்கி வரைகிற பழக்கம் அமெரிக்கக் காமிக்ஸில் நெடுங்காலம் இருந்தது. கண்ணாடி முன்னால் அப்படி நின்று பாருங்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும். சரி, அந்த முறுக்கிய நிலையிலேயே வரையுங்கள். ஆனால் ஒரு கையை இடுப்பில் வைத்து, "இப்படி நிண்டா இடுப்பு முறிஞ்சிடும் கா!" என்று அவளையே சொல்ல விடுங்கள். சிரிப்பு அவள் உடம்பைப் பார்த்து வரக்கூடாது. அவளை அப்படி நிறுத்திய வழக்கத்தைப் பார்த்து வரவேண்டும். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மறுகா, கண். எதிரி வலப்பக்கம் நிற்கிறான் என்றாலும் கருமணிகளை வலப்பக்கம் வைக்காதீர்கள். இரண்டையும் நேராக, நம்மைப் பார்த்தபடி வையுங்கள். ஒரு புருவம் மட்டும் மேலே. ஷீ-ஹல்க் என்ற அமெரிக்கக் காமிக்ஸ் நாயகி 1980இல் வந்தாள். 1989இல் ஜான் பைர்ன் எழுதி வரைந்த தொடரில் அவள் தான் காமிக்ஸில் இருப்பதை அறிந்து வாசகரோடு பேசினாள், வரைகிறவரோடும் சண்டை பிடித்தாள். நமக்கு அந்த வேலையை இரண்டு கறுப்புப் புள்ளிகள் செய்கின்றன.

இனி மேலங்கி, வீரர்கள் தோளில் கட்டித் தொங்கவிடும் துணி. மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் கச்சான் காற்று வீசினால் அது அழகாகப் பின்னால் பறக்குமா? முகத்தில் வந்து சுற்றும். தோளில் 0.5 பேனையை ஊன்றி, மணிக்கட்டை அசைக்காமல் முழுக்கையாலும் ஒரே மூச்சில் தலைக்கு மேலாக இழுங்கள். மடிப்புகளுக்கு 0.1. இடுப்பில் வைத்த கையில் மீன் பை தொங்க, மறுகையால் துணியை விலக்கி ஒற்றைக் கண்ணால் நம்மைப் பார்க்கிறாள். மற்றக் கண்ணைத் துணியின் கறுப்பு மடிப்பு மூடட்டும்.

கை வழுக்கி ஆறாவது விரல் வந்துவிட்டதா? வெள்ளை மை பூசாதீர்கள். அவளை அந்த விரலைப் பார்த்து எண்ண வையுங்கள். மைத்துளி சிந்தினால் அதற்கு அவள் குடை பிடிக்கட்டும்.

கடைசியாகப் பேச்சுக் குமிழி. குமிழியை முதலில் வரைந்தால் எழுத்து நெருக்கிக்கொள்ளும். வசனத்தை எழுதி முடியுங்கள், அப்புறம் அதைச் சுற்றிக் கோடு இழுத்து, வாலை அவள் வாய்ப்பக்கம் திருப்புங்கள்.