வீட்டுப் பெரியவர்களின் இந்தியன் ஏர்லைன்ஸ் பயணத்தை எழுதி வைப்பது எப்படி

வீட்டில் எழுபது வயதைக் கடந்த ஒருவர் இளமையில் உள்நாட்டு விமானம் ஏறியிருந்தால், அது பெரும்பாலும் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானமாகவே இருந்திருக்கும். 1953இல் தனியார் நிறுவனங்களை அரசுடைமையாக்கி உருவான அந்நிறுவனம், 1990களின் தொடக்கத்தில் தனியார் விமானங்கள் மீண்டும் வரும்வரை உள்நாட்டு வானில் ஏறத்தாழத் தனிக்காட்டு ராஜாவாக இருந்தது. 2005 டிசம்பரில் ‘இந்தியன்’ என்று பெயரைச் சுருக்கிக்கொண்டு, பின்னர் ஏர் இந்தியாவுடன் இணைக்கப்பட்டு, 2011 பிப்ரவரியில் விமான எண்ணின் முன்னால் வரும் ஐ.சி. என்ற குறியீட்டையும் இழந்து மறைந்தது. அதில் பறந்தவர்களின் நினைவுகளை எழுதி வைக்க விரும்புவோருக்காக, என் வீட்டில் கேட்டு எழுதியபோது கைவந்த முறையை இங்கே தருகிறேன்.

முதலில், “பயணம் எப்படி இருந்தது?” என்று மட்டும் கேட்காதீர்கள். என் பெரியப்பாவிடம் நான் அப்படித்தான் தொடங்கினேன். “நன்றாகத்தான் இருந்தது” என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துவிட்டார். மறுநாள், “சன்னலோரம் உட்கார்ந்தீர்களே, இறக்கை உங்களுக்கு மேலே தெரிந்ததா, கீழே தெரிந்ததா?” என்று கேட்டேன். அவர் உள்ளங்கையைத் தலைக்கு மேல் கூரைபோல் பிடித்து, “மேலே. சக்கரம் மடங்கி எஞ்சினுக்குள் போவதைக்கூடப் பார்த்தேன்” என்றார். அந்த ஒரு விடையிலேயே விமானம் எது என்பது தெரிந்துவிட்டது: ஃபோக்கர் ஃபிரண்ட்ஷிப். அதன் பிறகு அவரை நிறுத்துவதுதான் கடினமாக இருந்தது.

ஆகவே கேள்விகளைக் கண்ணும் கையும் வாயும் நினைவில் வைத்திருப்பவற்றிலிருந்து தொடங்குங்கள். விமானத்தின் பெயர் பயணிக்கு மறந்துபோகலாம், அதன் உருவம் எளிதில் மறக்காது. தரையில் நிற்கும்போதே உள்ளே மேடேறி நடந்து இருக்கையை அடைந்ததாகச் சொன்னால் அது டகோட்டா; வால்பக்கம் தாழ்ந்து நிற்கும் விமானம் அது. இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு விசிறிகளும், அகன்ற நீள்வட்டச் சன்னல்களும் இருந்தால் 1957இல் வந்த வைக்கவுண்ட். முனை மழுங்கிய முக்கோணம்போல் சன்னல், எஞ்சின் இரண்டும் வாலருகே, ஏறும் படி பின்புறம் என்றால் 1964இல் வந்த காரவெல். ஃபோக்கரைப்போலவே இரண்டு விசிறிகள் இருந்தும் இறக்கை சன்னலுக்குக் கீழே இருந்தால், கான்பூரில் கட்டப்பட்ட ஆவ்ரோவாக இருக்கலாம். நடுவே நான்கு இருக்கைகள், அவற்றின் இருபுறமும் நடைபாதை என்று வியந்து சொன்னால், 1976இல் சேர்க்கப்பட்ட ஏர்பஸ் ஏ300. ஜெட் விமானம், ஒரே நடைபாதை, பக்கத்துக்கு மூன்று இருக்கைகள் என்றால் மட்டும் சற்று நிதானியுங்கள். அது போயிங் 737 ஆகவும் இருக்கலாம், 1989இல் வந்த ஏ320 ஆகவும் இருக்கலாம். 1990 பிப்ரவரியில் பெங்களூரில் நேர்ந்த விபத்துக்குப் பின் ஏ320 விமானங்கள் சில மாதங்கள் பறக்காமல் நிறுத்தப்பட்டிருந்தன என்பது அந்த ஆண்டுப் பயணங்களைப் பிரித்தறிய உதவும்.

ஆண்டைக் கண்டுபிடிக்கப் பழைய பயணச்சீட்டு கிடைத்தால் அதைவிடச் சிறந்த சான்று இல்லை. சிவந்த கார்பன் பூசிய தாள்களைச் சேர்த்துத் தைத்த சிறு புத்தகம்போல் அது இருக்கும். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: பயண நாளுக்குரிய கட்டத்தில் பெரும்பாலும் தேதியும் மாதமும் மட்டுமே இருக்கும், ஆண்டு தெரிய வேண்டுமானால் சீட்டு வழங்கிய அலுவலகத்தின் முத்திரையைப் பார்க்க வேண்டும். சீட்டை லாமினேட் செய்யாதீர்கள்; சூடு பட்டால் எழுத்து கெடக்கூடும். இதழ்களுக்கு இடையே வெள்ளைத்தாள் வைத்து, ஒவ்வோர் இதழையும் படமெடுத்துக்கொண்டால் போதும்.

சீட்டு இல்லாவிட்டால் இடத்தைக் கேளுங்கள். சென்னையில் மீனம்பாக்கத்தின் பழைய முனையத்திலிருந்து ஏறினார்களா, திரிசூலம் பக்கத்தில் 1980களில் எழுந்த புதிய முனையத்திலிருந்தா என்பது காலத்தை ஓரளவு பிரித்துக் காட்டும். விமானத்தின் வாலில் செம்மஞ்சள் நிறத்தின்மேல் ஐ.ஏ. எழுத்துகளைப் பார்த்தார்களா, கோனார்க் சக்கரத்தைப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்; சக்கரம் என்றால் அது பெயர் மாறிய பிறகு நடந்த பயணம். நம் வீடுகளில் எல்லா அரசு விமானத்தையும் ‘ஏர் இந்தியா’ என்றே சொல்லும் பழக்கம் உண்டு என்பதால், இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது.

நிழற்படம் இல்லையே என்று வருந்த வேண்டாம். விமான நிலையங்களில் படமெடுக்க நெடுங்காலம் தடை இருந்ததால், பல வீடுகளில் வழியனுப்ப வந்தவர்கள் வாசலில் நின்ற படம்கூட இருக்காது. அதற்கு ஈடாக, ஏறுவதற்கு முன் விமானத்தருகே வரிசையாக வைத்திருந்த பெட்டிகளில் தம்முடையதைத் தொட்டுக்காட்டியதையும், புறப்படும்முன் பணிப்பெண் தட்டில் நீட்டிய மிட்டாயையும் காதுக்கான பஞ்சையும் கேட்டு எழுதுங்கள். மிட்டாய் எந்த ஆண்டிலும் கொடுத்திருக்கலாம் என்பதால் காலத்தை நிறுவ அது உதவாது. ஆனால் எவ்வளவு எடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்று கேட்டால் அந்தக் கால வீடே எழுந்து வரும்.

எழுதும்போது அவர் சொன்னதையும் நீங்கள் ஊகித்ததையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். “இறக்கை மேலே இருந்தது” என்பது அவர் சொன்னது. “ஃபோக்கர்” என்பது நீங்கள் கண்டது. உடன் பயணித்தவர் இருந்தால் அவரைத் தனியாகக் கேளுங்கள். இருவரும் ஒரே அறையில் இருந்தால், உரக்கப் பேசுபவரின் நினைவே இருவருடைய நினைவாகவும் ஆகிவிடும்.

முடித்தபின் அவருக்கே படித்துக் காட்டுங்கள். தட்டிலிருந்து ஆறு மிட்டாய் எடுத்து எங்களுக்காகச் சட்டைப்பையில் போட்டு வந்தார் என்று நான் எழுதியதைப் படித்தபோது, பெரியப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். “ஆறு எடுத்தது சரி. நாலுதான் வீட்டுக்கு வந்தது. அதையும் எழுது.”