மீன் தீவனத்தில் வைட்டமின் கலக்கும் முன் கல்லீரலைப் பாருங்கள்

ரோகு, கட்லா வளர்ப்பவர்கள் வைட்டமின் பாக்கெட் வாங்கும் முன் ஒரு மீனை அறுத்துப் பார்ப்பது நல்லது. கெண்டை இனங்களில் கல்லீரல் தனிக் கட்டியாக இருக்காது. குடல் மடிப்புகளுக்கு நடுவே பரவிக் கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் சரி. வெளிறி, மஞ்சளித்து, தொட்டால் விரலில் எண்ணெய் ஒட்டினால் அங்கே கொழுப்பு தேங்கியிருக்கலாம்.

வைட்டமின் கொழுப்பைக் கரைக்கும் மருந்து அல்ல. செல்லுக்குள் கொழுப்பு எரிய வேண்டுமானால் அதைச் சுமந்து செல்ல கார்னிடின் வேண்டும். அதை உடல் தயாரிக்க வைட்டமின் சி தேவை. ரோகு போன்ற மீன்களால் அந்த வைட்டமினைத் தாமே உண்டாக்க முடியாது. கல்லீரலிலிருந்து கொழுப்பை வெளியே அனுப்ப கோலின் என்ற வைட்டமின் போன்ற சத்து உதவும். வைட்டமின் இ, கொழுப்பு காறிப்போகாமல் காக்கும். ஆனால் தீவனமே அளவுக்கு மீறிப் போனால் எந்த வைட்டமினும் கைகொடுக்காது. தீவனத்தை முதலில் குறையுங்கள்.

அடுத்து, தீவன மூட்டையை முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை வந்தால் போடவே போடாதீர்கள்.

இனி கலவை. சாதாக் கெண்டைக்கு (காமன் கார்ப்) கிலோ தீவனத்துக்குச் சுமார் 100 மில்லிகிராம் வைட்டமின் இ தேவை. 10 கிலோவுக்கு 1 கிராம். கையிலிருப்பது 50 சதவீதப் பொடி என்றால் 2 கிராம். தீவனத்தில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறதென்று பையில் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். சி வாங்கும்போது பாஸ்பேட் வகையைக் கேளுங்கள். சாதாரண வகை சூட்டிலும் ஈரத்திலும் சீக்கிரம் வீணாகும்.

நன்றாக ஆறிய ஜவ்வரிசிக் கஞ்சியில் பொடியைக் கரைத்து, தீவனத்தின் மேல் தெளித்துப் புரட்டி, நிழலில் உலர்த்துங்கள். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்தால் போதும். சிலர் பச்சை முட்டை வெள்ளைக்கருவை ஊற்றிப் பிசைவார்கள். வேண்டாம்! அதிலுள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டின் என்ற பி வைட்டமினைப் பிடித்துக்கொள்ளும். கொழுப்பு வளர்சிதை மாற்றத்துக்கு அந்த பயோட்டினும் தேவை. கோலின் குளோரைடை மற்ற வைட்டமின்களோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். அது ஈரத்தை இழுத்து மற்றவற்றைக் கெடுக்கும்.

இரண்டு மாதம் கழித்து, அதே எடையுள்ள இன்னொரு மீனை அறுத்து, கல்லீரலை வெள்ளைத் தட்டில் வைத்துப் பழைய போட்டோவோடு ஒப்பிடுங்கள். அதனால் முதல் மீனை அறுக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள்.