கட்டிப்பாலில் மண்: புலனத்துக்கு வரும் குப்பையைப் பெயர் சொல்லிப் பிடிப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள், எடைக்காகக் கட்டிப்பாலில் (உறைந்த ரப்பர் பாலில்) மண்ணோ மரப்பட்டையோ சேர்த்திருந்தால் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். என் அம்மாவும் அப்படித்தான். ஆனால் புலனத்திலும் (வாட்ஸ்அப்) முகநூலிலும் அவருக்கு வரும் கலப்படத்தை அவரால் பிடிக்க முடியவில்லை, ஏனெனில் அதன் வகைகளுக்கு அவரிடம் பெயர் இல்லை. இளைஞர்களிடம் பெயர்கள் இருக்கின்றன. அவற்றை வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க நான் கையாளும் வழி எளியது: ஒரு பதிவு நம்மிடம் எதைக் கேட்கிறது என்று பார்த்து, அதன்படி அதற்குப் பெயர் வைக்க வேண்டும்.

சொடுக்கும் விரலை மட்டும் கேட்பது கிளிக்பெய்ட், அதாவது சொடுக்க வைக்கும் தூண்டில். ‘இந்த இலையைத் தின்றவருக்கு என்ன நடந்தது தெரியுமா?’ என்ற தலைப்பில் இலையின் பெயர் இருக்காது. தலைப்பைப் படித்த பிறகும் செய்தியை ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால், அதைத் திறக்காமல் விடலாம்.

‘ஓம் முருகா என்று எழுதுங்கள், நல்ல செய்தி வரும்’ என்பது கருத்தையும் பகிர்வையும் கேட்பதால் எங்கேஜ்மென்ட் பெய்ட் ஆகும். இத்தகைய பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளப்போவதாக 2017 டிசம்பரிலேயே முகநூல் அறிவித்தது. ஆயினும் அவை இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. பக்தியோடு எழுதப்படும் ஒவ்வொரு வரியையும் முகநூலின் கணக்கீட்டு நிரல் ஆர்வம் என்றே எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை மேலும் பலருக்குக் காட்டுகிறது. கூட்டம் சேர்ந்த பிறகு அதே பக்கம் வேறு பெயருக்கு மாறி, மருந்தோ முதலீடோ விற்கத் தொடங்கலாம். ஆகவே பக்கத்தின் அறிமுகப் பகுதிக்குள் சென்று, வெளிப்படைத்தன்மை என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். பக்கம் தொடங்கிய நாள், முன்பிருந்த பெயர்கள், நடத்துபவர்கள் இருக்கும் நாடு ஆகியவற்றை அங்கே காணலாம். முருகன் பக்கம் ஒன்று முன்பு காலணிக் கடையாக இருந்ததென்று தெரிந்தால், அம்மாவுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

கோபத்தைக் கேட்பது ரேஜ் பெய்ட். ஆக்ஸ்போர்டு அகராதியினர் 2025இன் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். பல இனத்தவர் அடுத்தடுத்து வாழும் நம் ஊர்களில் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய வகையும் இதுவே. கோயிலையோ மொழியையோ இழிவாகப் பேசும் காணொலியைக் கண்டதும் மறுத்து எழுதத் தோன்றும். ஆனால் மறுப்பும் கருத்துக் கணக்கில்தான் சேரும். ‘இந்த அநியாயத்தைப் பாருங்கள்’ என்று பகிர்வதும் அதே வேலையைச் செய்துவிடும். ஓரத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, ஆர்வமில்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள். மிரட்டலோ இன வெறுப்போ இருந்தால் புகார் செய்யுங்கள். கட்சிகளுக்காகக் கூட்டமாக எழுதுபவர்களை நம் நாட்டில் சைபர் துருப்பர் என்கிறோம். ஒரே வாசகம் பல கணக்குகளிலிருந்து எழுத்துப் பிசகாமல் வந்தால், அவர்களாக இருக்கலாம் என்று ஐயப்படலாம்.

எதையும் கேட்காததுபோல வந்து நேரத்தைத் தின்பது ஸ்லாப். பன்றித் தொட்டிக்குப் போகும் கழுநீரைக் குறித்த இந்தச் சொல், இப்போது செயற்கை நுண்ணறிவால் மலிவாகக் குவிக்கப்படும் படங்கள், எழுத்துகள் போன்றவற்றைக் குறிக்கிறது. மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2025இன் சொல்லாக இதைத் தேர்ந்தெடுத்தது. ‘எனக்கு நூறு வயது, யாரும் வாழ்த்தவில்லை’ என்று கேக்கோடு அமர்ந்திருக்கும் பாட்டி இந்த வகைதான். (என் அம்மா அவருக்கு மூன்று முறை வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்.) செயற்கைப் படத்தைக் கண்டுபிடிக்க, அதில் உள்ளவரின் விரல்களை எண்ணிப் பார்ப்பது இப்போது போதாது. பின்னணிப் பலகையில் உள்ள தமிழ் எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். அவை பல வேளைகளில் எழுத்தாகவே இருக்காது.

புலனத்தில் இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி, ஐந்து முறையோ அதற்கு மேலோ கைமாறி வந்தது. அதைப் பொய்ச் செய்திகளைச் சரிபார்க்கும் செபெனார்ன்யா இணையத்தளத்தில் தேடிய பிறகே அனுப்புங்கள். பணம் கேட்டால், வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் சரிபாருங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டால் தாமதிக்காமல் மோசடிப் புகாருக்கான 997 எண்ணை அழைக்க வேண்டும்.

அத்தையோ மாமாவோ இத்தகையதொன்றைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டால், அங்கேயே திருத்தாதீர்கள். தனியாக அழைத்து, ‘அத்தை, நீங்கள் அனுப்பியதில் மண் கலந்திருக்கிறது, நீக்கிவிடுகிறீர்களா?’ என்று கேளுங்கள்.