தாத்தாவின் துப்பாக்கியை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள்

பழைய துப்பாக்கிகளைப் பார்த்து விலை சொல்வது என் தொழில். போன மாதம் ஒரு தம்பி, முறையாக லைசென்ஸ் எடுத்து, தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். குழல் புதுப் பாத்திரம் போல மின்னியது. "ரெண்டு நாள் உட்கார்ந்து தேய்ச்சேன் சார்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. இருபது வயதில் நானும் இதையேதான் செய்தேன்.

பளபளப்பாக்குவது

அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் சேர்த்து முறுக்கி, உருளையில் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியது. அந்த முறுக்குதான் பழுப்பு நிறத்தில் வரிவரியாகத் தெரியும். அதைத் துரு என்று நினைத்துத் தேய்த்துவிடுகிறார்கள். பழுப்பை மறுபடி ஏற்றலாம். தேய்ந்த இரும்பு வராது.

அதைவிடப் பெரிய நஷ்டம் அடியில். குழலைக் கழற்றித் திருப்பினால் தட்டையான பகுதியில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். பிரிட்டிஷ் துப்பாக்கி என்றால் லண்டனிலோ பர்மிங்காமிலோ சோதித்து அடித்தவை. எந்தக் காலத்தது, பழைய கரிமருந்துக்கு மட்டுமா, பின்னால் வந்த புகையில்லாத நைட்ரோ மருந்தும் தாங்குமா என்பதை அவைதான் சொல்லும். அன்று நான் தேய்த்ததில் முத்திரையிலிருந்த ஒரு கிரீடத்தின் பாதி மட்டும் மிஞ்சியது. துப்பாக்கிக்காரப் பெரியவர் ஒன்றும் பேசாமல் அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். இன்றும் அந்த விரல் கண்ணில் நிற்கிறது.

எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். போதும்.

குழல் மேலுள்ள பெயரை நம்புவது

'ராடா, கல்கத்தா' என்றிருந்தால் அது விற்ற கடையின் பெயர். செய்தவர் பெரும்பாலும் வேறு. இங்கிலாந்தின் துப்பாக்கி நிறுவனமான வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பெரிய பெயர் என்பதால் 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று பொறித்து மலிவான பெல்ஜியம் துப்பாக்கிகள் வந்தன. அடியில் முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்றிருந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகர முத்திரை. விலையே வேறு.

பழைய தோட்டாவைச் சுட்டுப் பார்ப்பது

வேண்டவே வேண்டாம்.

'12 போர்தானே' என்று புதுத் தோட்டா வாங்குவது

12 போர் என்பது குழலின் அகல அளவு மட்டும்தான். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் இரண்டரை அங்குலம்தான். இன்றைய தோட்டா பெரும்பாலும் இரண்டே முக்கால். உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்து. வெடித்து விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

லைசென்ஸை அப்புறம் பார்க்கலாம் என்பது

தாத்தாவின் லைசென்ஸ் அவரோடு முடிந்தது. முதலில் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படையுங்கள், பீரோவில் கிடக்கும் தோட்டாக்களையும் சேர்த்து. ரசீதில் துப்பாக்கி எண்ணும் தோட்டாக் கணக்கும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.