கொங்காவைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

நான் முதன்முதலில் வாங்கிய பாவித்த கொங்கா ஜோடி, அதாவது கையால் தட்டும் உயரமான கியூப மேளங்கள் இரண்டு, செக்கச் சிவப்பாக இருந்தது. வத்தளைப் பக்கம் ஒரு வீடு. புதுப் பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. "தம்பி, வாசிக்க ஆளில்லாமச் சும்மா கிடக்குது, வேற ஒரு குறையுமில்லை" என்றார் விற்றவர். இரண்டு தட்டுத் தட்டினேன், காசைக் கொடுத்தேன், வேனில் ஏற்றினேன். மூன்றாம் வாரம் தேவாலயப் பாடகர் குழுவோடு ஒத்திகையில் இருந்தபோது பெரியதிலிருந்து ஒரு கரகரப்பு. தோலைக் கழற்றிப் பார்த்தால், இரண்டு பலகைகளுக்கு நடுவே நகம் நுழையும் வெடிப்பு. காருக்குப் பூசும் பட்டியால் அடைத்து, மேலே சிவப்பு அடித்திருந்தார்கள்.

கவிழ்த்துப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். கொங்காவின் அடி திறந்துதான் இருக்கிறது. வெளியே எவ்வளவு மினுக்கினாலும் உள்ளே பெயிண்ட் அடிக்க யாரும் மினக்கெடுவதில்லை.

நம் ஆட்கள் இதில் ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. மிருதங்கமும் தவிலும் ஒரே பலாக்கட்டையைக் குடைந்து செய்பவை. அவற்றைப் பார்த்துப் பழகிய கண் மரத்தில் முடிச்சு இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்றுதான் தேடும். மரக் கொங்கா அப்படியில்லை. பீப்பாய் செய்வதுபோல நீளப் பலகைகளைப் பசையால் ஒட்டிச் சேர்த்தது. அது பிளந்தால் பெரும்பாலும் பொருத்தில்தான் பிளக்கும். கடற்காற்றும் மழைக்கால ஈரமும் சேர்ந்து மரத்தை ஊதவைப்பதும் சுருக்குவதுமாக இருக்கும் கொழும்பில் அந்தப் பொருத்துகளுக்கு ஓய்வே இல்லை.

அதனால் போகும்போது ஒரு டோர்ச் கொண்டு போங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச்சை அடிப்பக்கத்தால் உள்ளே விட்டு, வெளியிலிருந்து பொருத்து பொருத்தாகப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் வெடிப்பு. கசியாவிட்டாலும் உள்ளே எட்டிப் பாருங்கள்: பசை வழிந்த தடம், பட்டி, பிறகு ஒட்டிய துணி எல்லாம் கதை சொல்லும். தோலை இழுத்துப் பிடிக்கும் ஹூக்குகளைத் தாங்கும் இரும்புத் தகடுகள் உடம்பில் பூட்டப்பட்ட இடத்தில் கூடுதல் நேரம் செலவிடுங்கள், இழுவிசை முழுவதும் அங்கேதான் விழுகிறது. சுத்தமான பொருத்து வெடிப்பை நல்ல தச்சு பாஸ் ஒருவர் பசை வைத்து, வாரால் இறுக்கிக் கட்டிச் சரிப்படுத்தலாம். விலையைக் குறைத்துக் கேட்கவும் அது உதவும். ஆனால் தோல் உட்காரும் மேல் விளிம்பு உடைந்திருந்தாலோ, பலகையே குறுக்காக முறிந்திருந்தாலோ விட்டுவிட்டு வாருங்கள்.

அப்புறம் உளு, மரத்தைத் துளைக்கும் பூச்சி. விலை குறைந்த கொங்காக்களில் பல றப்பர் மரத்தால் செய்தவை, றப்பர் மரத்தில் உளு இலகுவாக விழும். (கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்தில் 1876இல் றப்பர் நட்ட நாடு இது, இங்கே யாருக்கும் இதைச் சொல்லித் தரத் தேவையில்லை.) குண்டூசித் தலையளவு ஓட்டைகளும், அடியில் மாப்போலத் தூளும் இருந்தால், அந்தச் சாமானை வீட்டுத் தளபாடங்களுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியவர் நீங்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பிழை, தோலைப் பார்த்து மயங்குவது அல்லது தோலைப் பார்த்துப் பின்வாங்குவது. தோல் தேயும் பொருள், மாற்றத்தான் வேண்டும். ஊத்தை பிடித்த தோலோடு நல்ல உடம்பு கிடைத்தால் அது யோகம். ஆனால் மாற்ற முடியுமா என்று கேட்க மறந்துவிடாதீர்கள். வெவ்வேறு கம்பனிகள் இரண்டும் வாயின் அளவை 11¾ அங்குலம் என்றே எழுதியிருக்கும். ஆனால் ஒன்றின் பிளாஸ்டிக் தோல் மற்றதில் உட்காராமல் போகலாம், தோலின் ஓர வளையத்தின் வடிவம் வேறாக இருக்கும். மாட்டுத் தோலோ எருமைத் தோலோ என்றால் ஊறவைத்து, பழைய வளையத்திலேயே சுற்றி ஏற்றலாம். அதனால் வளையம் துருப்பிடித்து நெளியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தோலை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் ரிம்மும் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று கவனியுங்கள். ஒரு பக்கம் அதிகமாகச் சரிந்திருந்தால் யாரோ ஒழுங்கில்லாமல் இறுக்கியிருக்கிறார்கள். முழுவதும் கீழே போயிருந்தால் தோல் இழுபட்டு முடிந்துவிட்டது, இனிச் சுருதி ஏற்ற இடமில்லை.

ஸ்பெனர் ஒன்றைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு நட்டையும் கால் சுற்று அசைத்துப் பாருங்கள். அசையாதது துரு, சும்மா சுற்றுவது மரை தேய்ந்தது. விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். அளவு நாடாவால் தோலின் குறுக்களவை இரண்டு திசையில் அளந்து பாருங்கள். மூன்று நான்கு மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் வாய் முட்டையாகிவிட்டது.

சத்தத்தைக் கேட்கும் முறையிலும் தவறு நடக்கிறது. வரவேற்பறைக் கம்பளத்தில் நேராக நிறுத்தித் தட்டினால் எந்தக் கொங்காவும் பெட்டி தட்டியது போலத்தான் கேட்கும், பேஸ் எனும் அடிக்குரல் வெளியேறுவது அடிவழியாக. முழங்கால்களுக்கு நடுவே சாய்த்து, அடியைக் கொஞ்சம் தூக்கி, உள்ளங்கையால் நடுவில் ஒன்று, விளிம்பில் ஓப்பன் டோன் (தட்டியதும் கையை எடுத்து ஒலிக்கவிடுவது) ஒன்று, ஸ்லாப் (அறைவது போன்ற கூர்மையான தட்டு) ஒன்று. கரகரப்பு வந்தால் உடனே பயப்பட வேண்டாம். தளர்ந்த தகடாகவும் இருக்கலாம். தகடுகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திக்கொண்டு தட்டுங்கள். எதை அழுத்தினாலும் கரகரப்பு நிற்காவிட்டால் வெடிப்பைத் தேடுங்கள். இன்னொன்று, இயற்கைத் தோல் மழை நாளில் தொய்ந்து வெயிலில் விறைக்கும். நீங்கள் வருமுன் மொட்டைமாடி வெயிலில் காய்ந்த கொங்கா மணிபோலப் பேசும். கையை வைத்துப் பாருங்கள், சூடு தெரியும்.

"இது அமெரிக்காவில செய்தது" என்ற பேச்சுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். கியூபா மீதான அமெரிக்க வர்த்தகத் தடையால் அங்கிருந்து வாத்தியங்கள் வராமல் போனபோது மார்ட்டின் கோஹன் 1964இல் தொடங்கியது எல்.பி. (லத்தீன் பெர்கஷன்) கம்பனி. பிறகு அதன் உற்பத்தி தாய்லாந்துக்குப் போய்விட்டது. அமெரிக்காவின் நியூ ஜேர்சி என்று பொறித்த தகடோடு தாய்லாந்துக் கொங்காக்களும் வந்தன. ஜேர்மன் கம்பனியான மைனலின் கொங்காக்களும் பெரும்பாலும் தாய்லாந்துத் தயாரிப்புகளே. அதில் குறையொன்றும் இல்லை, பொய் சொல்லி விலையேற்றுவதுதான் குறை. கம்பனிப் பெயரைவிட எந்த வரிசை என்று கேளுங்கள்: எல்.பி.யில் அஸ்பயர் தொடக்கக்காரருக்கு, மெட்டடோர் நடுத்தரம், கிளாசிக் மேலே.

அளவு விஷயம் சுருக்கமாக. சிறியது கின்ட்டோ 11, நடுவிலானது கொங்கா 11¾, பெரியது தும்பா 12½ அங்குலம் என்பது வழக்கமான கணக்கு. விளம்பரத்தில் 10, 11 என்று ஜோடியாகப் போட்டிருந்தால் அது தொடக்கக்காரர் செட். பைலா பாண்டில் பேஸ் கிட்டாருக்குப் பக்கத்தில் அதன் அடிக்குரல் எடுபடாது. கயிறு கட்டிய ஆபிரிக்க மேளமான ஜெம்பேயையும், சின்ன இரட்டை மேளமான பொங்கோவையும்கூட "கொங்கோ" என்று போடுகிறார்கள், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பைபர்கிளாஸ் கொங்காவை "பிளாஸ்டிக்" என்று சிலர் ஒதுக்குவது எனக்குப் புரிவதில்லை. உளு விழாது, ஈரத்துக்கு ஊதாது, வெளி மேடையில் சத்தம் பாயும். மேல்பூச்சில் மயிரிழைக் கீறல்கள் இருந்தால் பரவாயில்லை. அதே இடத்தில் உள்ளேயும் கோடு தெரிந்தால்தான் கவலை.

அந்தச் சிவப்பு ஜோடி இன்னும் என்னிடம் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் ஒரு பாஸ் பெயிண்டையும் பட்டியையும் முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுப் பலகைகளை மறுபடி ஒட்டித் தந்தார். கூலி, கொங்கா வாங்கிய விலையில் பாதி. உள்ளே இருந்தது நல்ல ஓக் மரம். அதைப் போய் ஏன் மூடினார்கள் என்று பாஸும் நானும் கொஞ்ச நேரம் சிரித்தோம்.