வெளிநாட்டு செமஸ்டர்: புறப்படுமுன் பெறவேண்டிய ஒப்புதல்

தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இருந்து ஒரு செமஸ்டர் படிப்பதற்காக ஐரோப்பாவுக்குச் செல்லும் மாணவர்கள் பலர், விசாவுக்கும் விமானச் சீட்டுக்கும் காட்டும் அக்கறையை, அங்கு படிக்கும் பாடங்கள் இங்குள்ள பட்டப்படிப்பில் சேர்வதற்கான கிரெடிட் கணக்குக்குக் காட்டுவதில்லை. இ.சி.டி.எஸ். எனப்படும் அங்குள்ள பொதுவான கிரெடிட் முறையில் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்பது தானாகப் படிக்கும் நேரத்தையும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். நம் கல்லூரிகளிலோ வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பே பெரும்பாலும் ஒரு கிரெடிட்டாகக் கொள்ளப்படுவதால், இரண்டு எண்களையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆகவே, அங்கு எடுக்கவிருக்கும் ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் இங்குள்ள பாடத்துடன் பொருத்திக் காட்டும் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, புறப்படுமுன்பே துறைத்தலைவரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெறுங்கள். வாய்மொழி உறுதி, நீங்கள் திரும்புவதற்குள் அவர் மாறிவிட்டால் உதவாது. அங்கு சென்றபின் பாடத்தை மாற்ற நேர்ந்தால், அன்றே மின்னஞ்சல் அனுப்பி மறு ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

பெட்டி கட்டும்போது இதையும் கவனியுங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நெய்யும் பால்கோவாவும் கொண்டுசெல்ல அனுமதியில்லை. காசிமேட்டுக் கருவாட்டுக்கு அந்தத் தடை இல்லை. விடுதி அறையைப் பகிர்பவர் என்ன சொல்வார் என்பது வேறு விஷயம்.