கவுன்சலிங் போகலாமா? 14 நாள் மதிப்பெண் போட்டுப் பாருங்கள்

மனநல ஆலோசகரிடம் போவதா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால், 14 நாட்களுக்கு இரவு படுக்கும் முன் மூன்று விஷயங்களுக்கு மட்டும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுங்கள்: தூக்கம் எவ்வளவு கெட்டது, அன்றாட வேலை எவ்வளவு தடைப்பட்டது, வழக்கமாகப் பிடித்தவற்றில் ஆர்வம் எவ்வளவு குறைந்தது. 0 என்றால் பாதிப்பே இல்லை. பாதி நாட்களுக்கு மேல் 2, 3 என்றே விழுந்திருந்தால் யோசிக்காமல் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள்.

இன்று மனசு சரியில்லை என்றால் மாதம் முழுக்கவே அப்படி இருந்தது போலத் தோன்றும். இன்று நன்றாக இருந்தால் போன வாரம் அழுததுகூட மறந்துபோகும். எழுதி வைத்த எண்ணுக்கு அந்த மறதி கிடையாது. மனச்சோர்வைக் கண்டறிய மருத்துவர்கள் தரும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளும் கடந்த 2 வாரங்களைப் பற்றித்தான் கேட்கிறது, அதே 0 முதல் 3 வரையிலான அளவில். அப்புறம், நீங்கள் மதிப்பெண் எழுதிய தாளையே கையோடு கொண்டுபோனால் முதல் சந்திப்பில் "எப்போதிலிருந்து இப்படி?" என்ற கேள்விக்குத் திணற வேண்டியதில்லை.

சாக வேண்டும், தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, இல்லாத குரல்கள் கேட்டாலோ இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அன்றைக்கே உதவி தேட வேண்டும். சோர்வும் தூக்கக் கெடுதலும் மட்டும்தான் என்றால் தைராய்டு, ரத்தசோகைகூடக் காரணமாக இருக்கலாம், ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். மதிப்பெண் குறைவாக வந்தும் யாரிடமாவது பேச வேண்டும் போல இருக்கிறதா? சரி, தாராளமாகப் போகலாம்.